அங் மோ கியோ காப்பிக்கடையில் ஸீ சார்: எதைக் கேட்பது, எதை விடுவது

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில், வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாதாரணக் காப்பிக்கடைதான். குளிர்சாதனம் கிடையாது. தலைக்கு மேல் மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, வட்ட மேசை, மேசை மேல் குச்சியும் கரண்டியும் போட்ட டப்பா. பகலில் கோழிச்சோற்றுக் கடையும் மீ (நூடல்ஸ்) கடையும் ஓடும். மாலை ஐந்து மணிக்கு மேல் மூலையில் இருக்கும் ஸீ சார் கடை அடுப்பு மூட்டியதும் இடத்தின் முகமே மாறிவிடும். ஸீ சார் என்பது ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிச் சொல். வேகவைப்பது, வாணலியில் வதக்குவது என்ற இரண்டும் சேர்ந்தது. வீட்டில் போலவே ஆளுக்கொரு கிண்ணம் சோறு, நடுவில் நாலைந்து தட்டு, எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவது. சிங்கப்பூரில் ‘இன்னைக்குச் சமைக்கல, கீழே போயிடலாம்’ என்றால் பல வீடுகளில் இந்தச் சாப்பாட்டைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கடையைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாணலியில் ஏறி மூன்று நான்கு நிமிடத்தில் இறங்கும் எதையும் இங்கே நம்பிக் கேட்கலாம். முன்பே பொரித்து வைத்து, கேட்கும்போது சாற்றில் புரட்டித் தரும் அயிட்டங்களில் பாதிக்கு மேல் சுமார்தான். பட்டியலில் அறுபது எழுபது பெயர் இருக்கிறது. நல்லது பத்துப் பன்னிரண்டு. அந்தப் பத்தைக் கண்டுபிடித்து, சரியான நேரத்தில், சரியான அளவில் கேட்டால் இந்த விலைக்கு இதைவிட நல்ல இரவுச் சாப்பாடு அக்கம்பக்கத்தில் கிடைக்காது.

முதலில் ஹோர் ஃபன். அகலமான அரிசி நூடல்ஸ் பட்டைகளை வாணலியில் லேசாகக் கருக்கி, இறாலும் மீன் துண்டும் கீரையும் போட்ட முட்டைக் குழம்பை மேலே ஊற்றித் தருவது. சிறிய தட்டு 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எந்த ஸீ சார் கடைக்குப் புதிதாகப் போனாலும் சமையல்காரரின் கையை அறிய இது ஒன்றே போதும். மசாலா கிடையாது, காரம் கிடையாது, மறைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நெருப்பைச் சரியாகக் கையாண்டாரா இல்லையா என்பது வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

கடையின் பக்கவாட்டில் நின்றால் செய்முறை முழுவதும் தெரியும். வாணலி புகையும்வரை காய்கிறது. ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டு, புது எண்ணெய் கொஞ்சம் விடுகிறார். பட்டைகள் ஒட்டாமல் இருக்க அதுதான் வழி. பட்டைகள் விழுந்ததும் கிளறுவதில்லை. பத்துப் பதினைந்து விநாடி தொடாமல் விடுகிறார், அடிப்பக்கம் பழுப்பேறுகிறது. அதன்பின் கறுப்பு சோயா சாறு, அதுவும் பட்டைகளின் மேலே படாமல் வாணலியின் விளிம்பில். காய்ந்த இரும்பில் பட்டதும் சாற்றிலுள்ள சர்க்கரை கருகி, கேரமல் வாசம் ஒன்று எழும்புகிறது. உடனே முழங்காலால் வாயுவின் நெம்புகோலைத் தள்ளி நெருப்பை ஏற்றி, வாணலியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார். எண்ணெய்த் துளிகள் விளிம்பைத் தாண்டிச் சுடரில் விழுந்து பற்றிக்கொள்கின்றன. அந்தப் புகைதான் பட்டையில் ஏறுகிறது. கண்டோனீஸ் மொழியில் இதை ‘வொக் ஹே’ என்பார்கள். வாணலியின் மூச்சு என்று பொருள். வீட்டு அடுப்பில் இது வராததற்கு நம் கைப்பக்குவம் காரணமல்ல, நெருப்பின் அளவுதான். கடை அடுப்பின் வலுவில் பாதிகூட வீட்டு அடுப்புக்குக் கிடையாது.

பட்டைகளைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, அதே வாணலியில் பூண்டு, இறால், மீன், சாய் சிம் கீரை, கோழி எலும்பு வேகவைத்த நீர், சிப்பிச் சாறு. கொதித்ததும் சோள மாவு கரைத்த தண்ணீர். குழம்பு கெட்டியானபின் நெருப்பை அணைத்துவிட்டுத்தான் முட்டையை ஊற்றுகிறார். கரண்டியால் இரண்டு சுற்று, அவ்வளவுதான். முட்டை பட்டு நூல் மாதிரி மிதக்க வேண்டும். நெருப்பு எரியும்போதே ஊற்றினால் பொரியல் முட்டை மாதிரித் திரிந்துபோகும். இங்கே பெரும்பாலும் நூலாகவே வருகிறது.

தட்டு வந்ததும் கரண்டியால் குழம்பைச் சற்று ஒதுக்கிப் பாருங்கள். பட்டைகளின் ஓரத்திலும் மடிப்பிலும் பழுப்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். வெளுப்பாக, ஒரே நிறமாக இருந்தால் வாணலி காயவில்லை, அல்லது ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். பட்டைகள் விரற்கடை நீளத்துக்கு உடைந்து கிடந்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிரில் அரிசி மாவு விறைத்துக்கொள்ளும், கரண்டி பட்டதும் நொறுங்கும். அன்றைய பட்டை அன்றைக்கே வரும் கடைகளில் இந்தக் குறை இருக்காது. இந்தக் கடையில் வாரத்தின் பிற நாட்களில் பட்டை முழுசாக வருகிறது; திங்கட்கிழமைகளில் மட்டும் உடைசல் கூடுதல்.

இன்னொரு புகார் எல்லாக் கடைகளைப் பற்றியும் வருவது: ‘சாப்பிடச் சாப்பிடக் குழம்பு தண்ணியாப் போயிடுது.’ பெரும்பாலும் கடையின் தவறல்ல. வாயில் வைத்த கரண்டியை மறுபடி குழம்பில் விட்டால், எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி சோள மாவின் கெட்டித்தன்மையை உடைத்துவிடும். பொதுத் தட்டுக்குத் தனிக் கரண்டி ஒன்றைப் போட்டுக்கொண்டால் கடைசிவரை கெட்டியாகவே இருக்கும். கூடவே சிறு தட்டில் வரும் வினிகரில் ஊறிய பச்சை மிளகாயைத் தள்ளி வைக்காதீர்கள். குழம்பின் வழவழப்புக்கு அந்தப் புளிப்புதான் மாற்று. காரம் பெரிதாக இருக்காது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பெரிய தட்டு 12 வெள்ளி, சிறியது இரண்டு கேட்டால் 14. பலரும் பெரியதைக் கேட்பார்கள். நாங்கள் சிறியதையே சொல்வோம். வாணலியில் பட்டை கூடக்கூடச் சூடு இறங்கும். இறங்கினால் பட்டை கருகாது, தன் நீரிலேயே புழுங்கும். அதிலும் இரண்டு சிறிய தட்டையும் ஒன்றாகச் சொன்னால் ஒரே வாணலியில் போட்டுப் பிரித்துத் தந்துவிடுவார்கள், பயனில்லை. ஒன்று மேசைக்கு வந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள்.

நேரமும் இதே கணக்குதான். ஏழிலிருந்து எட்டுவரை கூட்டம் நெரியும். அப்போது ஐந்து மேசையின் ஹோர் ஃபனைச் சேர்த்துச் செய்வார்கள். சேர்த்துச் செய்தால் நெருப்பின் வாசம் போய்விடும். வாணலியை மூங்கில் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவாமல் அடுத்ததைப் போடுவதும் அப்போதுதான். அடியில் ஒட்டிய கருகல் அடுத்த தட்டில் கசக்கும். ஆறேகாலுக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இல்லையென்றால் எட்டரைக்கு மேல் வாருங்கள். வெள்ளி, சனி இரவில் எட்டரைகூடப் போதாது.

அடுத்து ஹார் சியோங் காய், அதாவது இறால் விழுதில் ஊறிய கோழி. இதற்குப் போடுவது பெலாச்சான் என்று நினைப்பவர்கள் உண்டு, அல்ல. பெலாச்சான் என்பது கட்டியாக வரும் இறால் விழுது. இது சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் கூழாக, புட்டியில் வரும் புளித்த இறால் விழுது. வாசம் பெலாச்சானைவிடக் கூர்மை. ஒரு கிலோ கோழிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும்; உப்பு தனியாகப் போடுவதில்லை. சர்க்கரை, நல்லெண்ணெய், இஞ்சிச் சாறு, அரிசி மது சேர்த்துக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் ஊற வேண்டும். இந்தக் கடையில் முந்தின இரவே ஊறப்போட்டு விடுகிறார்கள். எலும்பை ஒட்டிய சதைவரை உப்பும் வாசமும் இறங்கியிருப்பதிலிருந்தே அது தெரிகிறது. சிறகின் நடுத்துண்டுதான் இதற்கு உகந்தது. தோல் அதிகம், சதை மெல்லிசு, சீக்கிரம் வேகும்.

மொறுமொறுப்பு இருமுறை பொரிப்பதால் வருவது. முதலில் மிதமான எண்ணெயில் உள்ளே வேகவிட்டு எடுத்து ஆறவைத்து, கேட்கும்போது நன்கு காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிடம். விழுதிலும் சர்க்கரையிலும் இருக்கும் இனிப்பு சீக்கிரம் கருகும் என்பதால் ஒரே தடவையில் பொரித்தால் வெளியே கறுப்பும் உள்ளே பச்சையுமாகப் போகும். முன்பே பொரித்தது சுமார் என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு. இங்கே இரண்டாவது பொரியல்தான் உயிர். 14 வெள்ளிக்கு எட்டுத் துண்டு. குறை ஒன்றே ஒன்று: துண்டுகளைக் குவியலாக அடுக்கி வைக்கிறார்கள். அடியில் இருப்பது ஐந்து நிமிடத்தில் ஆவியில் நமத்துவிடும். வந்தவுடன் தட்டில் பரப்பிவிடுங்கள். கலமன்சி எலுமிச்சையைக் கோழி மேல் பிழியாமல் மிளகாய்ச் சாற்றில் பிழிந்து தொட்டுக்கொண்டால் தோல் நனையாது.

சம்பால் கங்கோங் 10 வெள்ளி. சம்பாலைக் கடையிலேயே அரைக்கிறார்கள். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உலர் இறால், வறுத்த பெலாச்சான். நல்ல காரம், இனிப்பு கம்மி. கங்கோங் கீரையின் தண்டு குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும். கழுவிய தண்ணீர் அதற்குள் நின்றுவிடும். வடியவிடாமல் வாணலியில் போட்டால் கீரை வதங்குவதற்குப் பதில் வேகும், தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கும், இலை கறுக்கும். தண்டு முதலில், அரை நிமிடம் கழித்து இலை, மொத்தம் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூட. அந்தக் கணக்குத் தவறாதபோது தண்டு பல்லில் ‘நறுக்’ என்கிறது. கூட்ட நேரத்தில் இந்தக் கடையிலும் தண்ணீர் தேங்குகிறது.

சூட்டுத் தட்டுத் தோஃபு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புத் தட்டில் அடித்த முட்டை, மேலே பொரித்த முட்டைத் தோஃபு, கொத்திய பன்றி இறைச்சியும் உப்பு முள்ளங்கியும் போட்ட சாறு. 14 வெள்ளி. குழந்தைகள் இருந்தால் கேளுங்கள்; காரம் துளியும் இல்லை. இரும்புத் தட்டை அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனில் கொடுவா ஆவியில் வேகவைத்தது 26 வெள்ளி, அறுநூறு எழுநூறு கிராம் இருக்கும். மூன்று விதம் கேட்கலாம். ஹாங்காங் விதத்தில் சோயாவும் வெங்காயத்தாளும் போட்டு மேலே காய்ந்த எண்ணெய் ஊற்றுவார்கள். தியோசீவ் (தென்சீன வட்டாரச் சமூகம்) விதத்தில் உப்பில் ஊறிய பிளம், தக்காளி, உப்புக் கடுகுக்கீரை, தோஃபு. பெரானாக்கான் (சீன-மலாய்க் கலப்புச் சமூகம்) விதம் என்றால் புளியும் மிளகாயும் அரைத்தது. மீன் புதிது என்று உறுதியாகத் தெரிந்தால் தியோசீவ். அதில் மீனின் சுவைதான் முன்னே நிற்கும். சந்தேகம் இருந்தால் புளி. பண்ணைக் கொடுவாவில் சிலசமயம் சேற்று வாடை வரும், புளி அதை அடக்கும். இந்த எடைக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். கண் வெளுத்து முண்டியிருக்க வேண்டும். முதுகுப் பக்கம் குச்சியால் தள்ளினால் சதை எலும்பைவிட்டு மடல் மடலாக வர வேண்டும். வறண்டு நார் நாராக இருந்தால் அதிகம் வெந்துவிட்டது. எலும்போரம் ரத்தச் சிவப்பு இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் வைத்துத் தருவார்கள், முகம் கோணமாட்டார்கள்.

மீன் தலைக் கறியும் உண்டு. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிவைத்தது என்று பரவலாகச் சொல்லப்படும் உணவு. பிறகு சீனர் கைக்குப் போய்ப் புளி கூடி, தேங்காய்ப்பால் குறைந்து, பொரித்த தோஃபுவும் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சேர்ந்து மண்சட்டியில் வருகிறது. நம் மீன் குழம்பை மனத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். வெந்தய வாசம் இருக்காது, மல்லித்தூள் மணமும் இருக்காது. தனி உணவாக எடுத்துக்கொண்டால் நல்ல புளிப்பு, நல்ல காரம். குழம்பு முன்பே செய்ததுதான், ஆனால் நின்றதில் சுவை நன்றாக இறங்கித்தான் இருக்கிறது. இருபது நிமிடம் ஆகும் என்பதால் உட்கார்ந்ததும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

விடவேண்டியவைக்கு வருவோம். உப்பு முட்டை இறால் 18 வெள்ளி, வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சளை ஆவியில் வேகவைத்து மசித்து, வெண்ணெயில் போட்டு நுரை வரும்வரை கிளறி, கறிவேப்பிலையும் சிறு மிளகாயும் சேர்க்க வேண்டும். நாக்கில் மணல் மாதிரி ஒரு நறநறப்பு இருக்கும். இங்கே வருவது வழவழவென்று ஒரே மஞ்சளாக, இனிப்பாக இருக்கிறது; பொட்டலப் பொடியின் சுவை. அதற்குப் பதில் அதே விலைக்கு செரியல் இறாலைக் கேளுங்கள். நெஸ்டம் தானியச் செதில்களை வெண்ணெய், பால்மாவு, சர்க்கரை, கறிவேப்பிலையோடு வறுத்து, ஓட்டோடு பொரித்த இறாலில் புரட்டியது. கறிவேப்பிலை கண்ணாடி மாதிரி நொறுங்கினால் வறுவல் சரி. தட்டில் மிஞ்சும் செதிலைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுங்கள், வீணாக்காதீர்கள்.

புளிப்பு இனிப்புப் பன்றி, காப்பிச் சாற்றில் புரட்டிய பன்றி விலா இரண்டும் முன்பே பொரித்து வைத்த துண்டுகள். மாவுதான் வாயில் நிற்கிறது. நண்டையும் இந்த மாதிரிச் சாதாரண இரவில் விட்டுவிடலாம். மிளகாய் நண்டு 1956-இல் காலாங் ஆற்றோரம் தள்ளுவண்டியில் செர் யாம் தியான் என்ற அம்மையார் தொடங்கிவைத்த உணவு. இன்றைக்கு அது தனிச் செலவு. இலங்கைச் சேற்று நண்டு என்றால் விலை பட்டியலில் இருக்காது, ‘அன்றைய விலை’ என்றுதான் எழுதியிருக்கும். கேட்டே தீர வேண்டுமென்றால் கிலோ என்ன விலை என்று முதலில் கேட்டு, கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள். நண்டைக் கட்டிய ஈரக் கயிறு தடிமனாக இருந்தால் அதன் எடைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ‘காய்கறி’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதில் பெரும்பாலானவை சைவம் அல்ல. சிப்பிச் சாறு, உலர் இறால், கோழி எலும்பு நீர், சிலசமயம் பன்றிக் கொழுப்பு என ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். முட்டைத் தோஃபுவில் முட்டை. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை நீக்கிவிட்டு மற்றதைப் போட்டுவிட வாய்ப்புண்டு. ‘வோ ச்சர் சூ’ என்று மாண்டரினில் சொல்லுங்கள். பௌத்தர்களின் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், பூண்டு வெங்காயத்தைக்கூட நீக்கிவிடலாம். பூண்டு வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் வாணலி பொது, எண்ணெய் பொது. அதை ஏற்க முடியாதவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கடை சரிவராது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஹோர் ஃபன் கேட்கும்போது ‘கடல் உணவு’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி ஹோர் ஃபனும் அதே பக்கத்தில் இருக்கிறது.

ஆர்டர் எடுப்பவர் ஒரே ஆண்ட்டிதான். எழுதிக்கொள்வதில்லை, மனத்திலேயே வைத்துக்கொள்கிறார். ‘ஆண்ட்டி’ என்று கூப்பிட்டு மேசை எண்ணைச் சொல்லி, இரண்டாவது ஹோர் ஃபனைத் தவிர எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது. அளவைச் சொல்லாவிட்டால் நடுத்தர அளவு என்றே எடுத்துக்கொள்வார். பில் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். பானக்கடை வேறு கணக்கு. அவர்களே மேசைக்கு வருவார்கள், அங்கேயே காசு. ஈரத் துடைப்பான் (கை துடைக்கும் ஈரத் தாள்) கேட்காமலேயே வரும், ஒன்று 30 காசு. வேண்டாமென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் கழித்துவிடுவார்கள்.

நான்கு பேர் கணக்கு: ஹோர் ஃபன் சிறியது 7, கோழி 14, கங்கோங் 10, தோஃபு 14, மீன் 26, சோறு மூன்று கிண்ணம் 3, ஈரத் துடைப்பான் நான்கு 1.20. மொத்தம் 75.20 வெள்ளி. சேவைக் கட்டணம் இல்லை. பொருள் சேவை வரியும் தனியாக ஏறவில்லை. இதே தொகைக்குக் குளிர்சாதன உணவகத்தில் சாப்பிட்டால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் ஒன்பது விழுக்காடு வரியும் சேர்ந்து 90.16 வந்திருக்கும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ள அந்தப் பதினைந்து வெள்ளி நியாயமான கூலி.

வாங்கிப் போகிறவர்கள் ஹோர் ஃபனின் குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றாகக் கட்டினால் இருபது நிமிடத்தில் பட்டை குழம்பையெல்லாம் உறிஞ்சி ஊதி, ஒரே கட்டியாகிவிடும். கோழியைப் பெட்டியில் போட்டால் மூடியை இறுக்காமல் ஓரத்தைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். செரியல் இறாலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மின்தூக்கிக்கு நடப்பதற்குள்ளேயே செதில் நமத்துவிடும்.